மோதிரம், எலும்பு, ஒன்று

தாயெட்மியோ முகாமில்
கைதிகளின் உடைமைப் பேரேடு என் பொறுப்பு.
கத்தி என்றால் பறிமுதல்.
கடிகாரம் என்றால் உறையிலிட்டு அரக்கு முத்திரை.
இது என்னவென்று தெரியவில்லை.
மோதிரம் போலத்தான் இருந்தது,
ஒரு பக்கம் மட்டும் நாக்கு நீட்டியிருந்தது.
நடுவிரலில் போட்டேன், ஆடியது.
பஸ்ராவிலிருந்து கப்பலில் வந்த துருக்கியரில்
முதலில் சிரித்தவன் ஷாகிர்.
என் கட்டைவிரலைப் பிடித்து மாட்டிவிட்டான்.
பொருந்தியது.

'மோதிரம், எலும்பு, ஒன்று' என்று பதிந்தேன்.
'ஆயுதமா?' என்ற கட்டத்தில்
'இல்லை.'
அது பொய்யா மெய்யா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
மேலதிகாரி மோதிரத்தைப் பார்த்தார், திருப்பித் தந்தார்.
நல்லவேளை, விரலைக் கேட்கவில்லை.

சாயங்காலம் தலை எண்ணி முடிந்ததும்
கம்பிவேலியோரம் வந்து நிற்பான்.
இடக்கை எதையோ பற்றும்.
வலக்கைக் கட்டைவிரல் எதையோ கொக்கியிட்டுக்
காதுமடல்வரை இழுக்கும்.
கழுத்து நரம்பு புடைக்கும், முழங்கை நடுங்கும்.
இல்லாத வில்லுக்கு இவ்வளவு கனமா?
'யா ஹக்' என்பான்.
விடுவான்.
பின்னால் நிற்கும் இருபது பேரின் தலையும்
ஒன்றாக உயர்ந்து
ஒன்றாகத் தாழும்.
காவல் நின்ற பஞ்சாபிச் சிப்பாயும்
ஒருமுறை அண்ணாந்ததை நான் கண்டேன்,
கண்டதாகச் சொல்லவில்லை.

எங்களுக்குள் மொழி நொண்டி.
கொஞ்சம் இந்துஸ்தானி, மிச்சம் கை.
வேலிக்கப்பால் எருமைகள் ஆற்றுக்கு இறங்கின.
எருமை, என்றேன்.
வில், என்றான்.
கொம்பைக் காட்டித் தன் வயிற்றைத் தட்டினான்,
பின்னங்கால் நரம்பைக் காட்டித் தன் முதுகைத் தட்டினான்,
நடுவில் மரமாம்.
ஐராவதியைக் காட்டினான்: மீனுக்குள் இருக்கிறதாம் பசை.
எல்லாம் ஒட்டிக் காய ஒரு வருஷம்,
பன்னிரண்டு மாதத்தையும் விரல்கணுவில் எண்ணினான்.
நாணை அவிழ்த்தால்
கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டிப் படுத்தவள்போல
மறுபக்கம் சுருண்டுகொள்ளுமாம்.
அதற்குப் பிறகு பர்மாவில் நான் பார்த்த எருமையெல்லாம்
நாணேற்றாத வில்லாகத்தான் நடந்தது.

அவன் ஊரில் கல் நடுவார்களாம்.
எங்கள் பக்கமும்தான், என்றேன்,
விழுந்த வீரனுக்கு.
இல்லையில்லை, விழுந்த அம்புக்கு, என்றான்.
இவ்வளவு தூரம் போனது என்று.

மார்கழியில் ஒருநாள் வடகாற்று.
விட்டதும் அவன் பேசவில்லை, மூச்சுக்கூட விடவில்லை.
வெகுநேரம் கழித்து
பனைகளைத் தாண்டி, வண்டிப்பாதையைத் தாண்டிக் கை நீட்டினான்.
பிறகு என் செருப்பைக் காட்டினான்.
குமாஸ்தாவுக்கு வாசல் திறக்கும்.

ஞாயிறு, கோயில் கலைந்ததும்
குடை பிடித்துக்கொண்டு நடந்தேன், எண்ணிக்கொண்டே.
ஏன் போனேன் என்று கேட்காதீர்கள்.
எழுநூற்று நாற்பதாம் அடி
ஒரு கடலைக்கொல்லையில் விழுந்தது.
அங்கே ஒன்றுமில்லை, இருக்கவும் முடியாது.
செடி பிடுங்கிக்கொண்டிருந்த மா சேன்
என்ன தேடுகிறாய் என்றாள்.
'ஏதோ விழுந்தது.'
அவளும் குனிந்து தேடினாள்.
கொஞ்ச நேரத்தில்
'இங்கேயா?' என்று ஓரிடம் காட்டினாள்,
நான் நினைத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி.
அங்கேயே கல்லை நட்டேன்.
இடைஞ்சலாக இருந்த இரண்டு செடியைப் பிடுங்கி
மண் உதறி என் குடைக்குள் போட்டாள்.

எழுநூற்று நாற்பது, என்றேன் ஷாகிரிடம்.
முகம் சுருங்கியது. என் காலை அளப்பதுபோல் பார்த்தான்.
'நெட்டைக்கால் உனக்கு.
எட்டைக் குறுக்கி மறுபடி எண்ணு.'
பச்சைக் கடலையை மட்டும் தின்றுவிட்டான்.

அடுத்த ஞாயிறும் போனேன்.
கல்லுக்குப் பக்கத்தில் மா சேன் நின்றிருந்தாள்,
நெற்றியில் கை வைத்து
முகாம் இருக்கும் திசையில் வானத்தைப் பார்த்தபடி.
'இந்த வாரம் இன்னும் ஒன்றும் வரவில்லையே'
என்றாள்.