தண்ணீர் ஊற்றாதே

பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்து
தண்ணீரே இல்லாத கூலண்ட் வாங்கினேன்.
நாற்பது லிட்டர்.
இரண்டு வார டீசல் காசு.

கலாமாவில் யெர்கோவின் பட்டறை.
பழைய பச்சைத் திரவத்தை வடித்துவிட்டு
கம்ப்ரசர் காற்றால் குழாய்களை ஊதி ஊதி
ஈரத்தின் கடைசிச் சொட்டையும் விரட்டினான்.
"நூற்றுக்கு மூன்று பங்கு நீர் தங்கினாலே
நீ கொடுத்த காசு ஆவி" என்றான்.
ரேடியேட்டர் மூடியின் பக்கத்தில்
சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினான்:
தண்ணீர் ஊற்றாதே.

மழையைத் தொலைக்காட்சியில்
பார்த்துக்கொள்கிற பாலை ஊரில்
இப்படியும் ஒரு கட்டளை.

தேறுமா இது, என்று கேட்டேன்.
துணியில் கை துடைத்தான்,
வெகுநேரம் துடைத்தான்.
"நூற்று எண்பது டிகிரிக்கும் கொதிக்காது, உண்மை.
துரு ஏறாது, அதுவும் உண்மை.
ஆனால் நோல்வியா,
தண்ணீர் மாதிரி சூட்டை வாரிச் சுமக்க
இதற்கு முதுகு போதாது.
முள் எப்போதும் கொஞ்சம் மேலேதான் நிற்கும்.
பார்த்துப் பதறாதே."

சான் பெத்ரோ தாண்டியதும்
நாற்பது கிலோமீட்டருக்குள்
இரண்டாயிரம் மீட்டர் ஏற்றம்.
அந்த உயரத்தில் நீருக்கு முன்கோபம்.
எண்பத்தைந்து டிகிரிக்கே பொங்கிவிடும்.
உருளைக்கிழங்கு வேகாது,
என்ஜின் வெந்துவிடும்.
முன்பெல்லாம்
லிகன்காபூர் எரிமலை சும்மா இருக்க
எதிரே சாலையோரத்தில்
நான்தான் புகைந்துகொண்டு நிற்பேன்.

பதினோரு மாதம் அப்படி நிற்கவில்லை.
அர்ஜென்டினாவுக்கு டயர் ஏற்றிக்கொண்டு
கன்னத்தில் கோக்கா இலை அடக்கி
முள்ளை நானும் என்னை முள்ளும்
பார்க்காததுபோல் ஏறினோம்.
உச்சியில் மூடியைத் திறந்தால் சீறல்கூட இல்லை.
இதுதான் எனக்குப் பழகவேயில்லை:
கோபம் வராதவரோடு குடித்தனம் நடத்துவது போல.

பன்னிரண்டாம் மாதம். ஜூலை. மாலை நாலு மணி.
ஒரு ரொட்டி விலைகூடப் பெறாத கிளாம்ப்
நெகிழ்ந்தது.

பாகுபோல் இறங்கியது என் பணம்.
மண்ணுக்கும் அதைக் குடிக்கத் தெரியவில்லை,
மேலேயே வைத்துக்கொண்டு விழித்தது.
கிளாம்பை முறுக்கினேன், நின்றது.
குறைந்ததை நிரப்ப உபரி கேன்?
விலை பார்த்து வாங்காமல் வந்தவள் நான்.
கேபினில் இருந்ததெல்லாம்
ஆறு லிட்டர் குடிநீர்.
இருட்டினால் மைனஸ் பதினைந்து.
ஸ்டிக்கர் என்னைப் பார்த்தது.

ஐந்து பழைய ஜப்பான் கார்களை
முதுகில் அடுக்கிக்கொண்டு
இக்கிகேயிலிருந்து பராகுவேக்குப் போகிற லாரி
மூச்சிரைத்து நின்றது.
தியோஸ்னெல் என்றான் பெயர்.
குனிந்தான், படித்தான், சிரித்தான்:
"அம்மணி, இதை எழுதினவன்
இங்கே வந்திருக்கானா?"

என் ஆறு லிட்டரை ஊற்றினேன்.
போதவில்லை.
உறைகிற குளிரிலும்
ஐஸ் தண்ணீரில் தெரெரே குடிக்கிற நாட்டுக்காரன்,
தோல் சுற்றிய தன் பெரிய தெர்மாஸைத் திருகி
மூன்று லிட்டரையும் கவிழ்த்தான்.
அவன் ஊற்றும்போது
ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.
யாருக்குத் தெரியாமல் என்று
எனக்கே தெரியவில்லை.

ஜாமா எல்லையைத் தாண்டினேன்.
டயர்களை இறக்கினேன்.
முள் சற்றுக் கீழேயே நின்றது,
திரும்பி வருகிற வரைக்கும்.

யெர்கோ கண்ணாடிச் சில்லில்
ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தான்.
"நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு தண்ணீர்."
"காசு?"
"ஆவி."
கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்:
"மறுபடி எதை நிரப்பட்டும்? பச்சையா, அதுவா?"
"முதலில் புதுக் கிளாம்ப் போடு" என்றேன்.
மீதியை யோசித்துச் சொல்வதாக.

அதற்குள் அவன்
விரிவுத் தொட்டிக்குள் இடுக்கியை விட்டு
எதையோ எடுத்து
மூக்கருகே கொண்டுபோனான்.
வெந்து சுருண்ட
ஒரு புதினா இலை.

"இது எந்தக் கம்பெனி?"