கம்பிச் சதுரம்

அறுவடை இயந்திரம் போன பிறகும்
பார்லித் தாளடி பொன்னாய்த்தான் நிற்கிறது.
நியூடெகேட் சாலையில் போகிறவர்கள்
நல்ல மேய்ச்சல் என்பார்கள்.

கம்பிச் சதுரத்தை
முதுகுக்குப் பின்னால் வீசுகிறேன்,
கண் நல்ல இடமாய்த் தேடிவிடக் கூடாது.
விழுந்த இடத்தில் மண்டியிட்டு
உள்ளே கிடக்கும் மணிகளை எண்ணுகிறேன்.
போன திங்கள் பதினேழு.
இன்று நான்கு.
அடுத்த வீச்சில் ஒன்று,
அதையும் ஓர் எறும்பு இழுத்துக்கொண்டிருக்கிறது.

பால் மறந்து ஆறு வாரமான குட்டிகள்
அறுநூற்றுப் பன்னிரண்டு.
வைக்கோலில் வயிறு உப்பி
கொழுத்ததுபோல் காட்டும்.
தராசு ஒத்துக்கொள்வதில்லை:
நீலக் காதுப்பட்டைக்காரி இருபத்திரண்டு கிலோ,
போன வாரமும் அதே.

சுரங்கத்திலிருந்து பெவன் அழைக்கிறான்.
"இன்னும் ரெண்டு வாரம் தாங்குமா?"
"தாங்காது. லூபின் வாங்கணும்."
விலையைச் சொன்னேன்.
அதுவரை விட்டுவிட்டுக் கேட்ட லைன்
தெளிவாகிவிட்டது,
அவன் மூச்சுவிடுவது கேட்கும் அளவுக்கு.

நவம்பரில் இதே வயலின் மூலையில்
லாரி நிரப்பும்போது சிந்திய குவியலை
இருவரும் மண்வாரியால் அள்ளினோம்,
விளக்கு வெளிச்சத்தில், ஒரு பிடி விடாமல்.
கிடைத்ததை எல்லாம் தின்று
குட்டிகள் செத்துவிடும் என்று
அன்று பயம்.

இன்று வண்டியின் பின்னாலிருந்து
லூபின் கோடாய் விழுகிறது.
அவை மிரண்டு
வேலியோரம் போய் ஒட்டிக்கொள்கின்றன.
உணவு என்று தெரியவில்லை.
இன்ஜினை அணைக்கிறேன்.
தாள்களுக்கு நடுவே காற்று
மெல்ல மண்ணைக் கிளப்புகிறது.
நீலப்பட்டை மட்டும்
ஓரடி முன்னால் வைத்து
நிற்கிறது.