பதின்மூன்று படங்களில் ஒரு பாய்ச்சல்

பரந்தன் சந்தி,
போன் திருத்தும் கடையின் பின்னறை.
ஒரு மடிக்கணினி, ஒரு கொன்ட்ரோலர்.
இடப்பக்கக் குமிழ் கொஞ்சம் ஆடும்,
முதலே சொல்லிவிட்டேன்.
மூன்று வருடமாய் நான் கீறியது
இன்றைக்குத்தான் வேறு கைகளுக்குப் போகிறது.

கருக்குமட்டையை வாளாய்ப் பிடித்த சிறுக்கி ஒருத்தி
குளக்கட்டு நெடுகப் பாய்கிறாள், வெட்டுகிறாள்.
எதிரே வெருளிகள்:
வைக்கோல் வயிறு, சட்டித் தலை,
ஆரோ கழித்த சேட்டு.
மேல்மூலையில் சூரியன்,
அது விழமுதல் மதகைத் தொடவேண்டும்.
எல்லாம் பென்சில்.
அவளுடைய ஒரு பாய்ச்சலுக்குப் பதின்மூன்று படம்,
ஸ்கான் ஒன்றுக்கு இருபது ரூபா.

யதுகுலன் முதலில் இருந்தான்.
பகலில் உழவு மெசின், இரவில் கேம்.
"பாய்ச்சல் சரியில்லை அக்கா.
நுனியிலை கால் வழுக்கின உடனை விழுறாள்.
ஒரு கண்வெட்டு
காத்திலை நிண்டுதான் விழவேணும்."
உண்மையில் ஆரும் அப்படி நிற்பதில்லையே என்றேன்.
"உண்மையை விளையாடவே வந்தனாங்கள்?"

பிறேமினி வங்கியில் வேலை.
படம் வடிவு, நல்ல வடிவு,
ஆனால் ஏன் பிள்ளைக்குச் செருப்பில்லை?
செருப்புப் போட்டால்
ஆயிரத்துச் சொச்சப் படமும் திருப்பிக் கீறவேணும்.
"அது உம்முடைய பிரச்சினை."

கடைக்காரரின் மகனுக்கு ஒன்பது வயது.
மூன்றாவது வெருளியை ஒரு மூலையில் சிக்கவைத்து
நின்ற நிலையில் வெட்டினான்.
நான் அறியாத மூலை அது.
பதினொரு நிமிடம்.
"முடிஞ்சுதோ? வேறை இல்லையோ?"

தேத்தண்ணி ஊற்றப் போவதுபோல எழும்பிப் போய்
வெளியில் கொஞ்சநேரம் நின்றேன்.
ஏ-ஒன்பதில் ஒரு லொறி,
பிறகு ஒரு லொறி.

திரும்பி வந்தபோது கொன்சலா இருந்தாள்.
முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிற வேலை,
நேரே அங்கிருந்துதான் வந்திருக்கிறாள்.
நெற்றியில் தலைக்கவசம் அழுத்திய கோடு.
அவள் பாயவில்லை.
ஓரடி. நின்றாள்.
மட்டையால் நிலத்தை மெல்லத் தட்டினாள்.
பிறகு ஓரடி.
"அக்கா ஓடுங்கோ! உது கேம்!"
சூரியன் விழுந்தது. செத்தாள்.
திரும்பவும் தொடங்கினாள். ஓரடி.
யதுகுலன் தலையிலடித்துக்கொண்டான்.

மூன்றாம் தரம், வீரை மரத்தடியில் நின்று கேட்டாள்:
"இந்த இடத்திலை மண்ணின்ரை நிறம் வேறை. ஏன்?"
எட்டிப் பார்த்தேன்.
மூன்று வருடத்தில்
நானே மறந்துபோன ஒரு பழுப்பு.
தேத்தண்ணி, கொன்சலா.
கீறேக்கை ஊத்துப்பட்டது.
சிரித்தாள்.
"எண்டாலும் நான் மிதிக்கமாட்டன்."
அப்போதுதான் பாய்ந்தாள்,
பதின்மூன்று படமும் ஒன்றின்பின் ஒன்றாய்,
கறைக்கு மேலால்.
அப்பால் கட்டு நுனியில் கால் வழுக்கி,
யதுகுலன் சொன்னதுபோலவே, உடனே விழுந்தாள்.
அறை முழுக்கக் கத்தியது.

கருத்து எழுதவென்று வைத்த கொப்பியில்
மற்றவர்கள் அரைப்பக்கம், ஒரு பக்கம்.
அவள் ஒரு வரி:
'நல்ல விளையாட்டு. சூரியனை அவசரப்படுத்த வேண்டாம்.'

இரவு, எல்லாரும் போனபின்
காற்றில் ஒரு கண்வெட்டு நேரம் கொடுத்தேன்.
மூன்றாம் வெருளியின் மூலையை அடைத்தேன்,
பெடியன் கண்டுபிடிக்கட்டும் வேறொன்றை.
செருப்புக் கீறமாட்டேன்.
சூரியனை என்ன செய்வதென்று தெரியவில்லை.
மெதுவாக்கினால் யதுகுலன் கொட்டாவி விடுவான்.
இன்னும் அந்த வரியில்தான் நிற்கிறேன்.

வீரை மரத்தடிக் கறையையும் அழிக்கவில்லை.
ஒருத்தி பார்த்துவிட்டாள்,
இனி அது ஒரு இடம்.
அதில் கால் வைத்தால் என்ன நடக்கும் என்று
கணினிக்குச் சொல்லவேண்டும்.

ஒன்றும் நடக்காது
என்று எழுதினேன்.