துணைக்கால்

லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில்
செய்தியாளர் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை.
நேற்றைய பேப்பரை மடித்து அதன் கீழே செருகிவிட்டுத்தான்
பதினோரு வருடம் எழுதினேன்.

அங்கே உட்கார்ந்திருக்கும்வரை
எவர் எவரைத் திட்டினாலும்
என் பேனாவுக்குக் காய்ச்சல் இல்லை.
திறந்த மன்றம், மேடையில் யாங் அரிஃப்,
சொன்னதைச் சொன்னபடி,
அன்றன்றைக்கே, இரு தரப்பும்.
சட்டம் எனக்குக் கொடுத்த குடை இவ்வளவுதான்.

தனபாக்கியம் வழக்கு ஒரு வியாழக்கிழமை.
கூட்டுறவுச் சங்கத்தின் பொருளாளர்.
பதினெட்டாயிரம் வெள்ளி கணக்கில் இல்லை.
'அந்தம்மாதான் எடுத்தாங்க' என்றார்
அரசுத் தரப்புச் சாட்சி இருதயராஜ்.
நான் எழுதிக் கொடுத்த தலைப்பு:
சங்கப் பணத்தைக் கையாடினாராம்.

இரவு பத்தரை. சிங்காரவேலு ஈயத்தில் கோத்தான்.
இரண்டு பத்தி அகலம்; ஓர் எழுத்து இடித்தது.
பக்கத்தில் பல்பொடி விளம்பரம்,
காசு கட்டியது, நகராது.
'ரா'வின் துணைக்காலை உருவினான்,
'ம்'மை எடுத்துப் பெட்டியில் போட்டான்,
ஒற்றை 'ர்' ஒன்றைத் தேடிச் செருகினான்.
கையாடினார்.
கச்சிதமாக உட்கார்ந்தது.
'என்று சாட்சி கூறினார்' என்பது
ஏழாம் வரியில், பொடி எழுத்தில் கிடந்தது.

தமிழில் இப்படியொரு வசதி.
காதில் விழுந்ததையெல்லாம் ஓர் 'ஆம்' போட்டு மூடிவிடலாம்.
வந்தாராம், தின்றாராம், செத்தாராம்.
பாவம் சொன்னவன் பேரில்.
மூடி கழன்றுவிட்டால்
நான் கண்ணால் பார்த்ததாக ஆகிவிடுகிறது.

ஆனால் கடைசி வாக்கியத்தை
சிங்காரவேலு தலையில் கட்ட முடியாது.
மன்றம் கலைந்தபிறகு படியில் நின்று
சிகரெட் பற்றவைத்தபடி இருதயராஜ் சொன்னார்:
'இது முதல் தடவை இல்ல சார்.'
சேர்த்துக்கொண்டேன்.
நல்ல வாக்கியம். விட மனம் வரவில்லை.

மார்ச்சில் தனபாக்கியம் விடுதலை.
யாரோ கூட்டலில் விட்ட பிழை.
ஜூனில் எங்களுக்கு வக்கீல் கடிதம்.

'எந்தப் படியில் நின்று சொன்னார்?' என்றார் வக்கீல் ஓய்.
மூன்றாவது.
'மேலிருந்தா, கீழிருந்தா?'
சிலர் சிரித்தார்கள். நான் நிஜமாகவே எண்ணினேன்.
எங்கிருந்து எண்ணினாலும்
மூன்றாவது படி மன்றத்துக்கு வெளியேதான் இருந்தது.

அந்த அம்மா அதிகம் பேசவில்லை.
சௌராஸ்தா சந்தையில் மீன்காரர்
மிச்சச் சில்லறையை இப்போது இரண்டு தடவை எண்ணுகிறாராம்.
அப்புறம் என் பக்கம் திரும்பி,
'விடுதலையான அன்னைக்கு நீங்க வரலையே' என்றார்.
அன்றைக்குப் படகுத்துறையில் ஒரு தீ விபத்து.
அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

கடைசியில் ஓய், நிதானமாக, மைக்கில்:
'இவர் பொய்யர். ஒரு பெண்ணின் பெயரைக்
காலணாவுக்கு விற்றவர்.'
அதை அப்படியே அச்சிடலாம். பாதுகாப்பு உண்டு.
என் பெஞ்சில் போட்டிப் பத்திரிகைப் பையன்
குனிந்து எழுதிக்கொண்டிருந்தான்.
குட்டைக் காலுக்கு அவன் எதுவும் செருகவில்லை;
ஒவ்வொரு வரி முடிவிலும் பெஞ்சு டக்கென்றது.

மறுநாள் காலை அந்தப் பத்திரிகையை வாங்கினேன்.
எட்டாம் பக்கம்.
செய்தியாளர் பொய் எழுதினாராம்.
இருந்தது. துணைக்கால், ம், எல்லாம்.
கெட்டிக்காரப் பையன்.
கொப்பி ஆறும்வரை அந்த ஓரெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேஜைக்காரர் கையிலும் அதே பக்கம்.
படித்தார். தலை தூக்கி என்னைப் பார்த்தார்.
நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.
அந்த 'ஆம்' அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.