வடிதுளை

கல்லடி. கடலுக்கு முந்நூறு மீற்றர்.
இங்கே கறள் காற்றில் வரும்.

மொறிஸ் மைனரை மரக்குத்தியில் சரித்து
கதவடிப் பெட்டியைக் கிரைண்டரால் கீறினான் முஸம்மில்.
பழைய புட்டி, மடித்துத் திணித்த பேப்பர்,
பிறகு
பொலபொலவென்று மணல்.
ஒரு சுண்டு இருக்கும்.
அதற்குள் ஒரு சட்டைப் பொத்தான்.
யாருடையது என்று அவன் கேட்கவில்லை.

நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டினான்,
வெட்ட வெட்டத் தள்ளிப்போனது நல்ல இரும்பு.
புதுத்தகடு, சிவப்புப் பிரைமர்,
உள்ளுக்குள் காய்ச்சிப் பீச்சிய மெழுகு.
மூன்று கிழமை.

எல்லாம் அடைத்து முடிந்த அன்று
அடியில் ட்ரில்லை வைத்தான்.
"என்னடா செய்யிறாய்?"
"வாறத மறிக்க ஏலா அக்கா.
வந்தா, போக வழி வேணும்."

பொத்தானை எடுத்து வைத்துப் பார்த்தேன்.
துளையைவிடப் பெரிது.