பதினோரு மணிக்குமேல் ஒரு கொலை

பதினோரு மணி டீ முடிந்ததும்
செக்கிங் மேசையில்
யாராவது ஒரு பிணத்தை எடுத்து வைப்பார்கள்.
இன்றைக்கு என்னுடைய போன்.
சில்வர் டம்ளருக்குள் நட்டு வைத்தால்
கிணற்றிலிருந்து பேசுவதுபோலக் கேட்கும்.
மேலே ஒரு ஃபேன், கீழே நாங்கள் ஆறு பேர்,
நடுவில், கப்பலேறப் போகும் குழந்தைப் பனியன்களின் குன்று.

"அந்த வீட்டின் கதவு
உள்பக்கமாகத் தாழிடப்பட்டிருந்தது…"
என்கிறான் கதைக்காரன்
நெய்யில் வறுத்த குரலில்.
ரேணுகாவின் கத்தரி நிற்பதில்லை.
"மச்சாந்தான் கொன்னிருப்பான், பாருங்க."
"அட, அவனில்லீங். தோட்டத்து ஆளு."
"ரண்டு பீசு ஓட்டை. அக்கட்டால போடு."

கறை, ஓட்டை, விட்டுப்போன தையல்:
இதைத் தேடத்தான் எங்களுக்குச் சம்பளம்.
பழகிய கண், சும்மா கிடக்கும்போதும்
அதையே தேடுகிறதோ என்னவோ.

மேனேஜருக்குப் பிடிக்காது.
"பொம்பளைங்க கேக்கற கதைங்களா இது?
சாமி பாட்டுப் போட்டா ஆகாதா?"
போட்டுப் பார்த்தோம், ஒரு மார்கழியில்.
கண்ணைச் சொக்கியது.
நாற்பது பீசு திரும்பி வந்தது.

ஈரோட்டுப் பொருட்காட்சியில்
மரணக் கிணற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
நின்றிருக்கிறேன்.
பலகை அதிரும், பெட்ரோல் புகை தொண்டையை அடைக்கும்.
அவன் விழவேண்டும் என்று நான் வேண்டவில்லை.
விழுகிற அன்றைக்கு
நான் அங்கே இருக்கவேண்டும் என்று மட்டும்.
இதை எந்தச் சாமியிடமும் சொன்னதில்லை.
மூன்று தடவை டிக்கெட் எடுத்தேன்.
மூன்று தடவையும் அவன் பத்திரமாக இறங்கி
தலை சீவிக்கொண்டு
போண்டா தின்னப் போய்விட்டான்.

துளசிமணியக்கா பந்தயத்துக்கு வரமாட்டாள்.
கொலைகாரன் பெயர் வருவதற்குள்
எழுந்து தண்ணி குடிக்கப் போய்விடுவாள்.
"ஆரு கொன்னா என்ன" என்பாள்.
அவளுக்கு வேண்டியது நடுப்பகுதி:
இன்ஸ்பெக்டர் வீடு வீடாக ஏறி இறங்கி
செத்தவன் கடைசியாக என்ன தின்றான்,
எந்தக் கால் செருப்பு தேய்ந்திருந்தது,
பேக்கரியில் மீதிச் சில்லறை வாங்கினானா
என்று கேட்கிற பகுதி.
"சித்த பின்னால தள்ளு கண்ணு."
தள்ளுவேன்.
மறுபடியும் செருப்பு.
மறுபடியும் சில்லறை.

அவள் தம்பி சின்னராசு
சாயப்பட்டறைத் தொட்டி கழுவ இறங்கினவன்.
ஒன்பது வருசம் ஆகிறது.
ஒரு ஏட்டு வந்தார், ஒரு காகிதம் வந்தது,
முதலாளி வீட்டிலிருந்து ஒரு கவர்.
காகிதத்தில் பெயரைச்
சின்னச்சாமி என்று எழுதியிருந்தார்கள்.
"அன்னிக்கு அவன் டீ குடிச்சானா இல்லியான்னு
ஒருத்தருங்கூடக் கேக்கலியே"
என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்,
டேக் குத்திக்கொண்டே,
ஏதோ சைஸ் நம்பர் சொல்வதுபோல.

அதற்கப்புறம்
கத்தியும் ரத்தமும் எனக்குச் சலித்துவிட்டன
என்று எழுத ஆசைதான்.
பொய்.
தாழ்ப்பாளை உடைக்கிற இடத்தில்
இன்னமும் என் முதுகு சில்லிடுகிறது.
அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

கொன்றது மச்சான்.
ரேணுகாவுக்கு ஒரு தேங்காய் பன்.
போனில் நாலு பர்சென்ட்.

ஒன்றரை மணிக்கு வேன்.
நொய்யல் பாலம் வந்ததும்
எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வோம்.
துளசிமணியக்கா மட்டும் கண்ணாடியைத் தள்ளித்
தலையை வெளியே நீட்டினாள்.
"இன்னிக்கு என்ன கலருங்க்கா ஓடுது?"
"இருட்டுல ஒண்ணுந் தெரியல" என்றாள்.
பாலம் முடியும்வரை தலையை உள்ளே இழுக்கவில்லை.
அவள் தோளுக்கு மேலாக
நானும் எட்டிப் பார்த்தேன்.