பக்கத்து இருக்கை

பத்தொன்பது வருடம் இந்தக் கரைக்கு வந்து போயிருக்கிறேன்.
எல்லாம் இரவில்.
கடலைக் கண்டதில்லை.
நூற்று மூன்றாம் நெடுஞ்சாலையின் மஞ்சள் கோடு,
மான் பாயும் என்று மிரட்டும் பலகை,
இரண்டு பாகைக் குளிரில் பின்னால் உறுமும் பெட்டி.
அவ்வளவுதான் எனக்கு நோவா ஸ்கோஷியா.

இப்போது பவளராணி ஓட்டுகிறாள்.
நெடுஞ்சாலையை விட்டிறங்கி
கடலின் விளிம்பைப் பிடித்துப் போகும் பழைய தெருவில்,
மணிக்கு நாற்பது.
என் வலது கால்
இல்லாத ஆக்ஸிலரேட்டரை அழுத்தி அழுத்தி
விரிப்பில் பள்ளம் விழுத்திவிட்டது.
“ஏன் நிலத்தை உழக்கிறீங்கள்?
காரை நான்தானே ஓடுறன்.”

பின்னால் ஒரு சிவப்பு பிக்கப் பொறுமையிழந்து முட்டுகிறது.
வழி விடுகிறாள்.
அடுத்ததற்கும் விடுகிறாள்.
பத்தொன்பது வருடத்தில் நான் முந்தவிட்டதைவிட
அதிகம், மத்தியானத்துக்குள்.

மஹோன் பேயில் மூன்று தேவாலயங்கள் வரிசையாய் நின்று
தண்ணீரில் தங்கள் கோபுரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தன.
அவள் படம் எடுக்கவில்லை.
செருப்பைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டு
வைகாசிக் குளிரில் அரை மணி நேரம் நின்றாள்.
நான் கடிகாரம் பார்த்தேன்.
இறக்குவதற்குச் சரக்கு எதுவும் இல்லையென்று
யாரும் அதற்குச் சொல்லியிருக்கவில்லை.

லூனன்பேர்க் தாண்டி, புளூ ரொக்ஸ் போய்ச் சேர
பனிப்புகார் வந்தது.
முதலில் தீவுகள் போயின. பிறகு படகுகள்.
பிறகு எங்கள் காரின் மூக்கு.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீற்றர் ஓடிவந்து
பார்க்கக் கிடைத்தது ஒரு வெள்ளைச் சீலை.
எனக்குச் சிரிப்பு வந்தது, கோபம் மாதிரி.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.
கல்லிடுக்கில் புகுந்து
வாய் கொப்பளித்துத் துப்பும் தண்ணீர்.
எங்கோ ஒரு மிதவை மணி,
கதவு தட்டக் கூச்சப்படும் விருந்தாளி போல
ஒன்று,
யோசித்து,
இன்னொன்று.

புகாருக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் மழைக்கோட்டு வந்து
ஆளாகியது. லோர்ன் என்று பெயர்.
கூடையில் சிங்கி இறால்கள்,
கொடுக்குகளுக்கு ரப்பர் பட்டி போட்டு,
பச்சையும் கறுப்பும் கலந்து, மெல்ல அசைந்தபடி.

எனக்கு இவற்றைத் தெரியும்.
நிறை தெரியும். பெட்டிக்கணக்குத் தெரியும்.
ரொறன்ரோவில் சரக்குக் கதவு திறக்கும் நிமிடம் தெரியும்.
எத்தனை இரவு
முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓடினேன்,
முகம் பார்த்ததில்லை.
மீசையால் காற்றைத் தடவிக்கொண்டு ஒன்று என்னைப் பார்த்தது.
நான்தான் முதலில் கண்ணை எடுத்தேன்.

“எத்தனை வேணும்?” என்றான் லோர்ன்.
பவளராணி விரல்மடக்கி நாள் எண்ணினாள்.
“வெள்ளிக்கிழமையப்பா,” என்றாள் என்னிடம்,
சாவுச்செய்தி சொல்லும் குரலில்.

கடல் நிறைய மச்சம்.
நாங்கள் பொனற்றின் மிச்சச் சூட்டில் சாய்ந்து
வீட்டிலிருந்து கட்டிவந்த புளிச்சாதம் தின்றோம்.
கேட்காமலே லோர்னுக்கும் ஒரு பிடி.
கண்ணில் நீர் முட்ட, “மோசமில்லை,” என்று
மறுபடியும் கை நீட்டினான்.

நாளை விடிய ஐந்துக்குத் திரும்புவதாக
என் கையெழுத்தில் ஒரு திட்டம் இருந்தது.
“நாளைக்கு என்ன கிழமை?” என்றேன்,
தெரியாதவன் மாதிரி.

அவள் பதில் சொல்லவில்லை.
கார்த் திறப்பைக் கைப்பைக்குள் போட்டு
ஸிப்பை இழுத்தாள்.
லோர்னிடம் இரண்டு விரலைக் காட்டினாள்.
அவன் இரண்டைத் தனியே ஒரு கூட்டில் அடைத்து,
கயிற்றை முளையில் கட்டி,
எங்களுக்குத் தெரியாத கடலுக்குள்
மெதுவாக இறக்கினான்.